இடது பின் ஸ்பீக்கர்

பழைய வண்டிகளை உடைக்கும் யார்டில் சம்மட்டி பிடிக்கிறவர்கள் பல பேர். ஆனால் ஒருவனைத்தான் எல்லோரும் சம்மட்டி என்று கூப்பிட்டார்கள். கையில் சம்மட்டி இல்லாத நேரத்திலும் அவன் கை சும்மா இருக்காது என்பதுதான் காரணம். கேன்டீன் வரிசையில் நடுவில் புகுந்தவனின் முன்பல்லைத் தண்ணீர்த் தொட்டிக்குள்தான் தேட வேண்டியிருந்தது. பஸ்ஸில் இவன் காலை மிதித்துவிட்டு, "நீ ஏன்யா நீட்டி வெச்சிருக்கே?" என்று கேட்டவன், அடுத்த நிறுத்தம் வருவதற்குள் இறங்க வேண்டியதாயிற்று. கோபம் வந்தது, யோசித்தான், அடித்தான் என்பதெல்லாம் சம்மட்டியிடம் கிடையாது. கை முதலில் போய்விடும். கோபம் பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும். யோசனை, போலீஸ் வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு வரும்.

கடைசியாக மாட்டிக்கொண்டது கார் நிறுத்துமிடத்துக் காவலாளி விஷயத்தில். அந்த ஆளின் தோள் எலும்பு உடைந்துவிட்டது. நீதிபதி ஒரு வயதான அம்மா. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இவனைப் பார்த்தார். "இந்தத் தடவை வெளியே விடுகிறேன். இன்னொரு மனிதர் மேல் உங்கள் கை பட்டதென்று வந்தால், இதுவும் அதுவும் சேர்த்து உள்ளே இருக்க வேண்டும். வெளியே வரும்போது உங்களை அடையாளம் கண்டுகொள்ள ஆள் இருக்காது" என்றார். சம்மட்டி தலையாட்டினான். அழுதது பக்கத்தில் நின்ற தங்கச்சி.

அவனுக்கு அவள் ஒருத்திதான் சொந்தம் என்று மிச்சம். அவளுக்கும் அவன்தான். அவள் புருஷன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்தான். இஸ்திரி போட்ட சட்டை, மெதுவான பேச்சு, வாடிக்கையாளர் மூக்கில் கண்ணாடியைப் பூப்போல வைத்துப் பார்க்கிற விரல்கள். "மச்சான், கையை அடக்கப் பழகுங்க மச்சான்" என்று அறிவுரை சொல்வான். சம்மட்டியும், "சரிங்க மாப்ள" என்பான். தங்கச்சிக்கு நல்ல இடம் அமைந்தது என்று அவன் நிம்மதியாக இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் புருஷன் அவளை அண்ணன் வீட்டில் கொண்டுவந்து விடுவான். பொழுது சாயும்போது வந்து கூட்டிப்போவான். தீர்ப்பு வந்த வாரம் அவள் வந்து உட்கார்ந்ததும் சொன்னாள்: "வேலை முடிஞ்சா நேரா வீட்டுக்கு வா. எங்கயும் நிக்காதே. அடிதடி இல்லாம இருக்க முடியலன்னா படத்துல போட்டுப் பாரு."

"அந்தச் சின்ன டிவியில என்னடி இருக்கு? குத்து விடுறது கொசு அடிக்கிற மாதிரிக் கேக்குது."

"அப்ப பெருசா கேக்குற மாதிரி ஏதாவது பண்ணிக்கோ."

பண்ணிக்கொண்டான். யார்டுக்கு ஒரு சொகுசு வேன் நசுங்கி வந்தது. உள்ளே ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபயர் ஒன்று, ஐந்து ஸ்பீக்கர்கள், ஒரு பேஸ் பெட்டி. எதுவும் கீறல் படவில்லை. முதலாளி, "எடுத்துட்டுப் போடா, வீட்டுலயாவது அடங்கி இரு" என்றார். மூடிப்போன ஏதோ ஆபீஸிலிருந்து வந்த கம்ப்யூட்டரும் கிடைத்தது. சோபா வாங்கவில்லை, உடைத்த காரின் முன் சீட் ஒன்றைப் பலகையில் முடுக்கி அறையின் நடுவில் வைத்தான். தலை சாய்க்கிற மெத்தையும் அதைத் தாங்குகிற இரண்டு இரும்புக் கம்பிகளும் அப்படியே இருந்தன. முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரும்புக் குழாய்த் தாங்கிகளில் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று.

கம்ப்யூட்டரில் சத்தத்துக்கென்று இருந்த பச்சை ஓட்டையிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு மெல்லிய ஒயரை இழுத்துப் படம் போட்டான். ஐந்து ஸ்பீக்கரும் கத்தின. ஆனால் ஐந்தும் ஒரே மாதிரி கத்தின. திரையில் இவன் முதுகுப் பக்கம் ஒருவன் கதவை உடைத்துக்கொண்டு வருகிறான்; சத்தம் முன்னாலும் பின்னாலும் ஒன்றாகக் கேட்கிறது. ஐந்து பேர் ஒரே நேரத்தில் ஒரே வசவைத் திட்டுகிற மாதிரி.

அதற்குத்தான் ஒயரு வந்தான். யார்டு வண்டிகளில் மின்சார வேலை பார்க்கிற ஒல்லிப் பையன் போலத் தோன்றுகிற ஆள். உண்மையில் இரண்டு பெண் பிள்ளைகளுக்கு அப்பன். பச்சை ஓட்டையில் செருகியிருந்ததைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான்.

"அண்ணே, இந்த ஒயர்ல ரெண்டு சத்தம்தான் போகும், இடது ஒண்ணு, வலது ஒண்ணு. அதையே உங்க ஆம்ப்ளிஃபயரு அஞ்சு பேருக்கும் பங்கு போட்டுக் குடுக்குது. பாவம், அது என்ன பண்ணும்?"

"அஞ்சும் தனித்தனியா வரணும்டா. குண்டு பின்னாலருந்து வந்தா எனக்குப் பின்னாலதான் கேக்கணும்."

"ஹெச்டிஎம்ஐ கேபிள் போட்டா வரும். கம்ப்யூட்டர்லருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒண்ணு, ஆம்ப்ளிஃபயர்லருந்து டிவிக்கு ஒண்ணு. ஆனா அது மட்டும் போதாது. நம்ம வீட்டுல எத்தனை ஸ்பீக்கர் இருக்குன்னு கம்ப்யூட்டருக்கும் சொல்லித் தொலைக்கணும்."

சொல்லித் தொலைத்தான். சவுண்ட் அமைப்புக்குள் போனால் டிவித் திரையில் ஒரு படம் வந்தது. நடுவில் ஒரு நாற்காலி, சுற்றிலும் ஸ்பீக்கர்கள். ஒவ்வொன்றாக அழுத்தினால் அது படத்தில் மின்னும்; அறையில் அந்த மூலையிலிருந்து 'ஙொய்' என்று ஒரு சத்தம் வரும்.

யாராவது ஒருவர் நடுச் சீட்டில் உட்கார்ந்து, எது எங்கிருந்து வருகிறது என்று கை காட்ட வேண்டும். அன்று ஞாயிறு; வந்திருந்த தங்கச்சியைத்தான் சம்மட்டி உட்கார வைத்தான். இரும்பு அடித்து அடித்து அவன் காதுக்குள் எப்போதும் ஒரு வண்டு சுற்றிக்கொண்டிருக்கும். அந்தக் காதை அவன் நம்பமாட்டான். அவள் காதை நம்பித்தான் அவன் வளர்ந்தான். அப்பா வீட்டுக்கு வருவது பெல்ட்டை உருவிக்கொண்டுதான். தெருமுனையில் செருப்புச் சத்தம் கேட்கும்போதே அவள் காதைத் தீட்டிக்கொள்வாள். "பின்பக்கம் வர்றாரு" என்றால் இருவரும் வாசல் வழியாக ஓடுவார்கள். "வாசல் பக்கம்" என்றால் பின்சுவரில் ஏறிக் குதிப்பார்கள். ஒரு தடவைகூட அவள் தப்பாகச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவன் முதுகில் இன்னும் நாலு தழும்பு கூடியிருக்கும்.

ஒயரு ஒவ்வொன்றாக அழுத்தினான். தங்கச்சி திரையைப் பார்த்தபடி கை காட்டினாள். முன் இடது. நடு. முன் வலது. பின் வலது. பின் இடது. எல்லாம் சரி.

"காதுன்னா அது காது!" என்றான் சம்மட்டி. ஒயரு பையைத் தூக்கிக்கொண்டு போனான்.

அவன் போனதும் சண்டைப் படம் ஒன்றைப் போட்டு, தங்கச்சியையே சீட்டில் இருக்கச் சொன்னான். திரையில் ஒருவனை நாலு பேர் கம்பியால் அடிக்கிறார்கள். இடப் பக்கப் பின்மூலையில் கண்ணாடி நொறுங்கியது. தங்கச்சி வெடுக்கென்று வலப் பக்கம் திரும்பினாள்.

சம்மட்டிக்கு ஏதோ போலிருந்தது. டிவியை அணைத்தான். "படம் வேணாம். சத்தத்தை மட்டும் கேட்டுச் சொல்லு" என்று, பின்னாலிருந்த கம்ப்யூட்டர் மேசையில் குனிந்து திரையில்லாமலே படத்தை ஓடவிட்டான்.

"வலது."

"இப்ப?"

"வலதுதான்."

"இது?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "இடதா இருக்கும்." அது வலது.

"அந்தப் பய ஒயரை மாத்திச் சொருகிட்டுப் போயிருக்கான்!" என்று கத்தினான் சம்மட்டி. "படத்துல சரியா காட்டிட்டு, உள்ள தலைகீழா பண்ணி வெச்சிருக்கான். என்னை ஏமாத்தப் பாத்திருக்கான்."

"விடுண்ணா, எனக்கு நல்லாத்தான் கேக்குது."

"உனக்கு நல்லாக் கேக்குதுன்னுதானே சொல்றேன்! உன் காது பொய் சொல்லாது."

அந்த வாரம் முழுக்க, வேலை முடிந்து வந்து ஒயர்களைப் பிடுங்குவதும் மாற்றிச் செருகுவதுமாக இருந்தான். அவன் காதுக்கு எந்தப் பக்கம் மாற்றினாலும் சரி போலவும் இருந்தது, தப்பு போலவும் இருந்தது. கோபம் ஏறியது. ஒரு நாள் பேஸ் பெட்டியை உதைத்து, கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்தது. யார்டில் ஒயருவைப் பார்க்கும்போதெல்லாம் கையை ஜேபிக்குள் திணித்துக்கொண்டான். "ஞாயித்துக்கிழமை வர்றே. வரலன்னா நான் வருவேன்" என்று மட்டும் சொன்னான்.

ஒயரு வந்தான். ஒயர்களைப் பார்த்தான். தலை சுற்றியது. "இதை யாருண்ணே இப்படிப் பண்ணினது? குரங்கு கையில குடுத்தீங்களா?" என்று ஒவ்வொன்றையும் பழையபடி சரிசெய்தான். பிறகு தங்கச்சியிடம், "அக்கா, இந்தத் தடவை கண்ணை மூடிக்குங்க" என்றான்.

அவள் மூடிக்கொண்டாள். அவன் அழுத்தினான். வலது என்றாள். மறுபடி. வலது. எதை அழுத்தினாலும் வலது.

"கேட்டியாடா?" என்றான் சம்மட்டி. குரல் தடித்துவிட்டது.

ஒயரு கம்ப்யூட்டரை விட்டு எழுந்தான். அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பூனை போல நடந்து அவள் இடப் பக்கம் போனான். சத்தம் போடாதீர்கள் என்று சம்மட்டிக்குக் கண்ணால் ஜாடை காட்டினான். குனிந்து, அவள் இடக் காதுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய் விரலைச் சொடுக்கினான்.

சம்மட்டி பார்த்தது அந்தக் கையை மட்டும்தான். கண்ணை மூடியிருக்கிற தங்கச்சியின் முகத்தருகில் ஓர் ஆம்பளை கை. அவ்வளவுதான். ஒயரு மூக்கில் முட்டி இறங்கியது. அவன் பின்னால் சாய்ந்து, இடது பின் ஸ்பீக்கரைத் தாங்கியோடு இழுத்துக்கொண்டு தரையில் விழுந்தான். அறையே அதிர்ந்தது.

தங்கச்சி பதறிக் கண் திறந்தாள். திறந்ததும், "ஐயோ, என்ன ஆச்சு?" என்று வலப் பக்கம் திரும்பினாள்.

அங்கே வெறும் சுவர்.

அவள் சுவரைப் பார்த்தாள். பிறகு சுற்றிலும் பார்த்தாள். கடைசியாகத்தான், இடப் பக்கம் தன் காலடியில் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டக் கிடக்கிறவனைக் கண்டாள். சம்மட்டி தூக்கிய கையோடு அப்படியே நின்றான். ஒரு முழம் தள்ளி விழுந்த மனிதன். அந்தச் சத்தம்கூட அவளுக்குத் தவறான பக்கத்திலிருந்து வந்திருக்கிறது.

"எதுலயும் தப்பு இல்லண்ணே," என்றான் ஒயரு, மூக்கைப் பொத்திக்கொண்டு, தரையிலிருந்தே. "அக்காவுக்கு இடது காது கேக்கல. அதைத்தான் பாத்தேன். அதுக்குள்ள உங்க கை..."

சம்மட்டி தங்கச்சியின் முன்னால் உட்கார்ந்தான். "எப்பருந்து?"

அவள் கீழே கிடந்த ஸ்பீக்கரைப் பார்த்தாள்.

"எப்பருந்துடி?"

"கோர்ட்டு முடிஞ்ச வாரம்."

"அவனா?"

"சட்டையில ஒரு பட்டன் சரியா தைக்கல. அறைஞ்சாரு. உள்ள ஏதோ வெடிச்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல." அவள் குரல் மளிகைச் சாமான் சொல்வது போல இருந்தது. "முன்னாலயும் அடிப்பாரு. ஆனா உனக்குப் பயந்துக்கிட்டு முகத்துல அடிக்கமாட்டாரு. கோர்ட்டுக்கு அப்புறம் அந்தப் பயமும் போயிடுச்சு. 'உங்கண்ணனைப் போய்ச் சொல்லிக் கூட்டிட்டு வாடி, என் மேல ஒரு விரல் பட்டாப் போதும், உள்ள போயிடுவான். அப்புறம் உனக்கு யாரு?'ன்னாரு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ போவே. போனா அடிப்பே. அடிச்சா..." அவள் முடிக்கவில்லை. தேவையும் இல்லை.

சம்மட்டி எழுந்து கதவுக்குப் பின்னாலிருந்த சம்மட்டியை எடுத்தான். ஒயரு எழுந்து கதவில் சாய்ந்து நின்றான். சட்டை முழுக்க ரத்தம், நிற்கவே தள்ளாடினான்.

"தள்ளுடா."

"தள்ளமாட்டேன். இப்ப என்னை அடிச்சீங்கல்ல? இதை யார்கிட்டயாவது சொல்லணுமா வேணாமான்னு நான் இன்னும் முடிவு பண்ணல. நீங்க அந்த ஆள் மேல கை வெச்சா, இதையும் சேத்துச் சொல்லுவேன். என் பிள்ளைங்க மேல சத்தியமா சொல்லுவேன்."

"அண்ணா, கீழ வை," என்றாள் தங்கச்சி. "நான் இன்னைக்கு அவரோட போகமாட்டேன். நீயும் அடிக்கக் கூடாது. ரெண்டும் நடக்கணும். ஒண்ணு நடந்தா இன்னொண்ணு வீணு."

அவன் கேட்டானா என்று தெரியவில்லை. காதுக்குள் வண்டு பறந்தது. ஆனால் கையிலிருந்த சம்மட்டி மெதுவாகத் தரையைத் தொட்டது. அந்த நேரத்தில் அழைப்பு மணி அடித்தது.

புருஷன் உள்ளே வந்தான். இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை. "கிளம்பலாமாம்மா?" என்றவன், ரத்தத்தைப் பார்த்தான். தரையில் கிடந்த ஸ்பீக்கரையும், ஒயருவின் மூக்கையும், மச்சானின் முட்டியையும் வரிசையாகப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"அடடா. என்ன மச்சான், புதுக் கேஸா? கோர்ட்டுல அவ்வளவு சொல்லியும் கேக்கலியே." போனை எடுத்தான். வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே மெதுவான குரலில் போலீஸுக்குத் தகவல் சொன்னான். விலாசத்தை இரண்டு தடவை திருத்தமாகச் சொன்னான். போனை ஜேபியில் வைத்துவிட்டு, "வா" என்றான் பெண்டாட்டியிடம்.

"வரல."

"என்னது?"

"இந்தக் காதுல சொன்னா கேக்காதுங்க. அந்தப் பக்கம் வந்து சொல்லுங்க. அப்பவும் வரமாட்டேன்."

அவன் முகம் ஒரு நொடியில் மாறியது. அவள் தலைமுடியைப் பிடிக்கக் கை போனது. அதற்குள் இடையில் சம்மட்டி வந்து நின்றான். சீட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய், தலை மெத்தையைத் தாங்கும் இரும்புக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டான். அவள் எழுந்து சீட்டுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"தள்ளுங்க மச்சான்."

"முடியாதுங்க மாப்ள."

முதல் அறை கன்னத்தில் விழுந்தது. புருஷனே சற்றுப் பின்வாங்கினான், திருப்பி வரும் என்று. வரவில்லை. இரண்டாவது குத்து வயிற்றில். சம்மட்டி குனிந்தான், கை கம்பியை விடவில்லை. திருப்பி வராது என்பது உறுதியானதும் புருஷனுக்கு ஒரு வெறி வந்துவிட்டது. இத்தனை வருஷமாக இந்த ஆளுக்குப் பயந்த பயமெல்லாம் சேர்ந்து கைக்கு வந்தது. முகத்தில் குத்தினான். விலாவில் உதைத்தான். "அடிடா! அடியேன்டா பார்ப்போம்!" என்று கத்தினான். மெதுவான குரல் எங்கே போனதோ. சம்மட்டியின் புருவம் கிழிந்து ஒரு கண் மூடியது. கீழே கிடந்த ஸ்பீக்கர் தாங்கியை, அந்த இரும்புக் குழாயை, புருஷன் எடுத்தான்.

"விடுடா அவரை!" என்று ஒயரு பாய்ந்து சட்டையைப் பிடித்தான். குழாய் அதற்குள் இறங்கிவிட்டது. சம்மட்டியின் தாடையில் பட்ட சத்தம், பச்சை மரக்கிளை முறிகிற மாதிரி இருந்தது. அந்த ஒரு சத்தத்தைத் தங்கச்சி சரியான இடத்திலிருந்து கேட்டாள். அவள் கண் முன்னால் நடந்ததால்.

சம்மட்டி கம்பியை இன்னும் பிடித்திருந்தான். அவன் வாழ்க்கையில் அதைவிடக் கடினமான வேலை செய்ததில்லை. தோளிலிருந்து விரல் நுனிவரை ஒவ்வொரு நரம்பும், போ, போ என்றது. ஓர் அடி போதும். அந்தக் கண்ணாடிக் கடைக்காரன் மூக்கு உள்ளே போய்விடும். பல்லைக் கடிக்கலாம் என்றால் தாடை கடிக்கவில்லை.

புருஷன் இரண்டாம் முறை குழாயை ஓங்கியபோதுதான், அவன் கூப்பிட்ட போலீஸே வந்து கதவில் நின்றது.

வந்த இருவரில் பெரியவருக்குச் சம்மட்டியை நன்றாகத் தெரியும். கார் நிறுத்துமிடத்திலிருந்து இவனை ஏற்றிப்போனவரே அவர்தான். பழக்கதோஷத்தில் விலங்கை எடுத்துக்கொண்டு நேராக இவனிடம் வந்தார். அருகில் வந்த பிறகுதான் பின்னால் கம்பியில் இறுகிப்போயிருந்த கைகளைப் பார்த்தார். திரும்பி, குழாய் யார் கையில் இருக்கிறது என்று பார்த்தார்.

"நான்தான் உங்களுக்குப் போன் பண்ணினேன்!" என்றான் புருஷன், மூச்சு வாங்க. "அந்த ஆள் மூக்கைப் பாருங்க. உடைச்சது இவன். கேளுங்க அவனையே!"

பெரியவர் ஒயருவிடம் கேட்டார். "உன் மூக்குக்கு என்ன?"

ஒயரு சம்மட்டியைப் பார்த்தான். அந்த முகத்தில் மூக்கு எது, வாய் எது என்றே தெரியவில்லை. வெகு நேரம் பார்த்தான்.

"ஒயர் இழுத்தேன் சார். ஸ்பீக்கரு மூஞ்சியில விழுந்துடுச்சு."

"முட்டி அளவுக்கு ஸ்பீக்கரா?"

"சின்ன ஸ்பீக்கரு சார். ஆனா கனம் ஜாஸ்தி."

பெரியவர் நம்பவில்லை. ஆனால் எழுதிக்கொண்டார். அப்போது தங்கச்சி சீட்டுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, "என் காதுக்கு என்ன ஆச்சுன்னும் எழுதிக்குங்க சார்" என்றாள். "நீங்க இந்தப் பக்கம் நின்னு கேளுங்க. அப்பத்தான் எனக்குக் கேக்கும்."

புருஷனைக் கூட்டிப்போன பிறகு, சம்மட்டியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. ஒரு கம்பி வளைந்திருந்தது.

தாடையைக் கம்பி போட்டுக் கட்டி அனுப்பினார்கள். பேசக் கூடாது, மெல்லக் கூடாது. உறிஞ்சு குழலில்தான் எல்லாம். தங்கச்சி பெட்டியோடு வந்துவிட்டாள். டாக்டர் அவள் காதைப் பார்த்து, அந்தப் பக்கம் இனிக் கேட்காது என்றார். கண்ணாடிக் கடைக்காரன் மேல் வழக்கு நடக்கிறது. சம்மட்டி சாட்சியை எழுதிக் கொடுக்கப் போய் அதே நீதிபதி அம்மா முன்னால் நின்றபோது, அவர் மறுபடி கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒயரு வந்தான். மூக்கு கொஞ்சம் கோணி ஆறியிருந்தது. வாசலிலேயே நின்றுகொண்டு, "முதல்ல அவரைச் சீட்டுல உக்காரச் சொல்லுங்கக்கா. ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சுக்கட்டும். அப்பத்தான் உள்ள வருவேன்" என்றான்.

சம்மட்டி உட்கார்ந்தான். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். ஒயரு உள்ளே வந்து, நசுங்கிய தாங்கியை நிமிர்த்தி இடது பின் ஸ்பீக்கரை அதன் இடத்தில் வைத்தான். வேலை முடிந்ததும் சம்மட்டி தொண்டைக்குள் ஏதோ உறுமினான்.

"என்னக்கா சொல்றாரு?"

"மன்னிச்சுக்கங்கிறாரு."

"உறுமினா மன்னிப்பாயிடுமா? கம்பி எடுத்ததும் வாயால சொல்லட்டும்."

தங்கச்சி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். டிவியை மேசைக்கு எடுத்து, அவனுக்குத் தெரியாதபடி திருப்பி வைத்தாள். "நான் அழுத்துறேன். எங்கருந்து வருதுன்னு கண்ணால காட்டு. வண்டு கிண்டுன்னு சாக்குச் சொல்லக் கூடாது. இனிமே இந்த வீட்டுக்கு உன் காதுதான்."

அவள் அழுத்தினாள். அவன் முன்னால் பார்த்தான். அடுத்தது. வலப் பக்கம் பார்த்தான். சரி. அடுத்ததற்கு அவன் கண்ணை மூடிக்கொண்டான். அடிபட்ட ஸ்பீக்கரில் லேசான கரகரப்பு இருந்தது. செருப்பை இழுத்துக்கொண்டு யாரோ தெருவில் வருவது போல. அவன் கண்ணைத் திறந்து, கட்டுப்போட்ட தலையை மெதுவாக இடப் பக்கம் பின்னால் திருப்பினான்.

"அங்கதானே?" என்றாள் அவள்.

அங்கேதான்.